ஏணியா? வேலியா?

சோளக்காடு! கொல்லிமலையின் மேலே இருக்கிறது அந்தச் சிற்றூர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறினால்தான் மலைமேல் சேரலாம். சந்தை கூடும் ஊர் அது. மிளகு வருகிறது, பலா வருகிறது, வாழைத்தார் வருகிறது, அன்னாசி வருகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் பாடுபட்டு விளைத்ததைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். சமவெளி வியாபாரி விலை சொல்கிறான். சரக்கு வண்டியில் ஏறுகிறது; வண்டி மலையை விட்டு இறங்குகிறது.

சரக்கு மட்டுமா இறங்குகிறது? ஆளும் இறங்குகிறான்! மிளகு பறிக்கக் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறான். பனியன் தைக்கத் திருப்பூருக்குப் போகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனும், தொழிற்பயிற்சி முடித்தவனும், பட்டம் பெற்றவனும் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். அங்கே அவர்களுக்காக ஒரு கேள்வி காத்திருக்கிறது.

"இங்கிலீஷ் பேசத் தெரியுமா?"

மலையில் விளைந்த மிளகை வாங்குகிறவன் அந்த மிளகைப் பார்த்து இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது, காரம் இருக்கிறதா, ஈரம் இல்லையா என்று பார்க்கிறான். மலையில் வளர்ந்த மனிதனை வேலைக்கு எடுக்கிறவன் மட்டும், கைத்திறன் என்ன, கற்ற தொழில் என்ன என்று பார்ப்பதற்கு முன்னால் நாக்கைத்தான் பார்க்கிறான்!

இதைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றத்தை மறுபடி நடத்துவது நம் நோக்கமன்று. அந்த மொழி உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏணியாக இருக்கிறதா, வேலியாக இருக்கிறதா? ஏணியாக இருக்க வேண்டியது வேலியாகிவிட்டதென்றால், அதை அப்படி ஆக்கியது யார்? இதுதான் கேள்வி.

வேலைக்கும் ஆங்கிலத்துக்கும் முடிச்சுப் போட்டது இயற்கையா? இல்லை! ஆண்டு குறித்து, கையெழுத்திட்டு, ஆணை பிறப்பித்துப் போட்ட முடிச்சு அது. 1835-ல் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். அதே ஆண்டில் பென்டிங்க் பிரபு, அரசாங்கத்தின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று முடிவு செய்தார். 1844-ல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே முதலிடம் என்று அறிவித்தார். அன்றைக்கு விழுந்த முடிச்சு, வெள்ளையன் கப்பலேறி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அவிழவில்லை. ஆண்டவன் போய்விட்டான், அவன் வைத்துவிட்டுப் போன வாசற்படி மட்டும் அப்படியே நிற்கிறது!

கொல்லிமலைக்கு ஆங்கிலம் எப்போது வந்தது? ஆங்கிலேயன் வந்தபோதே வந்தது என்பீர்கள். நடந்ததோ வேறு! 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் மதப் பணிக்காகக் கொல்லிமலையில் குடியேறினர். மருத்துவம் பார்த்தனர், பள்ளி நடத்தினர், தச்சும் கைத்தொழிலும் கற்றுத் தந்தனர். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சல் கண்டு இறந்தார். ஈவ்லின் அம்மையார் 1974-ல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை மலை மக்களிடையே பணி செய்தார். 1914-ல் பிறந்த அவர்கள் மகன்தான், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி வேலூரில் பெரும்புகழ் பெற்ற பால் பிராண்ட்.

அவர்களுடைய மதம் இங்கே நமக்கு வழக்கன்று. நாம் கவனிக்கும் செய்தி வேறு. மலை மக்களிடம் வேலை செய்ய வந்த வெள்ளையர் தமிழ் கற்றார்கள். தமிழ் கற்றதால் அவர்கள் ஆங்கிலேயர் அல்லாமல் போய்விட்டார்களா? இல்லை! அவர்கள் பேசும் தமிழில் லகரமும் ழகரமும் இடறினால் வேலைக்கு லாயக்கில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினார்களா? இல்லை! வெள்ளைக்காரன் தமிழைக் கடித்துப் பேசினால் 'அடடா, நம் மொழியைப் பேசுகிறானே' என்று மெச்சும் பழக்கம் நம்முடையது. நம் பிள்ளை ஆங்கிலத்தைக் கடித்துப் பேசினால் மட்டும் 'பட்டிக்காடு' என்று சிரிக்கும் பழக்கமும் நம்முடையதுதான்! ஒரே குறை. வெள்ளை நாக்கில் இருந்தால் மழலை. கறுப்பு நாக்கில் இருந்தால் மடமை. இது மொழிக் கணக்கா, தோழர்களே? மேல் கீழ் பார்க்கும் பழைய கணக்கு இது!

சோளக்காட்டுப் பிள்ளையின் நிலையை இன்னும் சற்று நெருங்கிப் பாருங்கள். அவன் சாதியின் பெயர் மலையாளி. மலையை ஆளுகிறவன், மலையில் வாழ்கிறவன் என்று பொருள். தாய்மொழி தமிழ். பிழைக்கக் கேரளத்துக்குப் போனால், மலையாளம் அறியாத மலையாளி! சமவெளிக்கு வந்து தன் இனத்தின் பெயரைச் சொன்னால், "அப்படியா, கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். தன் பெயரையே விளக்கிச் சொல்லித் தொடங்க வேண்டிய நிலையில் அவன் இருக்கிறான்.

அவன் வீட்டில் பேசுவது மலைத் தமிழ். பள்ளிக்கூடம் போனால் புத்தகத் தமிழ். அது அவனுக்குப் பாதி புதிய மொழி. அந்தப் படியில் கால் ஊன்றுவதற்குள் மூன்றாவது படியாக ஆங்கிலம். நகரத்துப் பிள்ளை ஒரு படி ஏறுகிற நேரத்தில் மலைப்பிள்ளை இரண்டு படி ஏற வேண்டும். முதற்படியிலேயே "உன் பேச்சு சரியில்லை" என்று ஓர் அடி. இரண்டாவது படியில் "உன் உச்சரிப்பு சரியில்லை" என்று இன்னோர் அடி. இரண்டு அடியும் வாங்கியவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான்! வாய் மூடியவனைப் பார்த்து, "இவனுக்கு ஆர்வமில்லை, தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆர்வமில்லையா? கனடா நாட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள். போனி நார்ட்டன் என்ற மொழியியல் அறிஞர், அந்நாட்டில் குடியேறிய ஐந்து பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பெரு, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் அவர்கள். ஆங்கிலம் கற்க அத்தனை பேருக்கும் ஆவல் இருந்தது. ஆயினும் வேலையிடத்தில் வாய் அடைத்துப் போயினர். ஏன்? எதிரே நின்றவரிடம் அதிகாரம் இருந்தது. இவர்களைப் பேச்சுக்கு உரியவர்களாகவே அவர் மதிக்கவில்லை. அவர்களுள் ஒரு பெண் உணவு விடுதியில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த இளசுகள் எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டின. 'இவர்கள் என் பிள்ளைகள் வயதுடையவர்கள். நான் ஒரு தாய். இவர்களுக்கு நான் ஏன் அஞ்ச வேண்டும்?' என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கினாள். அன்று முதல் அவளுக்குப் பேச்சு வந்தது! இலக்கணத்தில் அவள் தேறிவிட்டதாலா? இல்லை. தான் யார் என்பதில் தேறிவிட்டதால்!

இதுதான் அடிப்படை. இரண்டாவது மொழி ஒருவனுக்கு வர வேண்டுமானால், தன் முதல் மொழியையும் தன் பிறப்பையும் மறைக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கக் கூடாது. 'நான் யார்' என்று நிமிர்ந்து சொல்கிறவனுக்குத்தான் அடுத்த மொழி வசப்படும். ஒளிந்துகொண்டே பேசுகிறவனுக்கு எந்த மொழியும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். அங்கே சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கடுவ'. அந்தச் சொல்லுக்கு வாள் என்று பொருள்! 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சட்டம் தமிழரின் உரிமையை வெட்டியது என்பதை உலகறியும். சிங்கள ஏழைக்காவது வாழ்வு தந்ததா? நல்ல வேலைக்கு வழி ஆங்கிலமாகவே இருந்தது. நாட்டுப்புறத்துச் சிங்களப் பிள்ளையின் கழுத்துக்கு நேரே அந்த வாள் தொங்கிற்று. மொழியைச் சட்டத்தால் விரட்டிவிட்டு, வேலையை அதன் கையிலேயே விட்டுவைத்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டுக்காரனின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் கால் சென்டர்கள் கிளம்பின. நல்ல சம்பளம்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த பல பிள்ளைகளுக்குப் பெயரையே மாற்றினார்கள். முருகனும் செல்வியும் இரவு எட்டு மணிக்கு மேல் மைக்கேலும் சூசனும் ஆனார்கள். நாக்கை அமெரிக்கன் நாக்காக வளைக்கத் தனிப் பயிற்சி! கூலிக்கு உழைப்பை விற்பது தெரியும். பெயரையும் சேர்த்து விற்கச் சொன்ன சந்தை அது!

"அப்படியானால் ஆங்கிலமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். அவசரப்பட வேண்டாம். கூலிக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2005-ல் நாடெங்கும் குடும்பங்களைக் கண்டு எடுக்கப்பட்ட இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பை வைத்து, அசாம், சின், பிரகாஷ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் செய்த ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. அந்தக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த இந்தியர் நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேர்தாம் ஆங்கிலம் பேசக்கூடியவர்கள். சரளமாகப் பேசுகிறவர்கள் நான்கு பேர்தாம். படிப்பு, வயது, சாதி முதலிய வேறுபாடுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சரளமாக ஆங்கிலம் பேசும் ஆணுக்கு, அறவே பேசாதவனைவிட மணிக்கூலி 34 விழுக்காடு அதிகம். கொஞ்சம் பேசுகிறவனுக்கு 13 விழுக்காடு அதிகம். எனவே ஆங்கிலத்தால் பயனில்லை என்று எவனாவது மேடையேறி முழங்கினால், அவன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று முதலில் கேளுங்கள்!

ஆனால், அதே ஆராய்ச்சியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்வார் குறைவு. வயதில் மூத்த தொழிலாளிகளிடையே, படித்தவன், படிக்காதவன் எல்லோருக்குமே ஆங்கிலத்தால் கூலி கூடியிருக்கிறது. இளைய தலைமுறையில் அப்படியில்லை. நன்றாகப் படித்த இளைஞனுக்கு மட்டுமே ஆங்கிலம் காசாகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞன் நாலு வார்த்தை ஆங்கிலம் பேசினாலும் அதற்கென்று கூடுதல் கூலி கிடைப்பதில்லை.

இதன் பொருள் என்ன? வெறும் ஆங்கிலம் சோறு போடாது! கணக்கும் அறிவியலும் தொழிலும் தெரிந்தவன் கையில்தான் ஆங்கிலம் கருவியாகிறது. உழத் தெரியாதவனுக்கு ஏர் எதற்கு? 'முப்பது நாளில் இங்கிலீஷ்' என்று பலகை மாட்டிக் காசு பிடுங்குகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பெயரளவில் ஆங்கில வழி என்று சேர்த்துக்கொண்டு, தமிழும் வராமல், ஆங்கிலமும் வராமல், கணக்கும் புரியாமல் பிள்ளைகளை மனப்பாட யந்திரமாக்கும் பள்ளிகளும் சொல்ல மாட்டா. 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. ஏழைக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் பலகையை மாற்றுவது ஒன்று. பாடத்தைப் புரியவைப்பது வேறொன்று. புரியாத மொழியில் சொல்லப்பட்ட கணக்கு, கணக்கும் ஆகாது, மொழியும் ஆகாது.

மொழி எப்படி வருகிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கொல்லிமலைக்குக் கீழேயே நாமக்கல் இருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து புறப்படும் டிரைவர் ஆந்திரத்தில் தெலுங்கு பேசுகிறார். மராட்டியத்தில் இந்தி பேசுகிறார். கர்நாடகச் சோதனைச் சாவடியில் கன்னடத்தில் வாதாடுகிறார். எந்தப் பள்ளியில் கற்றார்? டயர் மாற்றும் இடத்தில், தாபாவில், சரக்கு இறக்கும் கிடங்கில் கற்றார். பிழையாகப் பேசினார், வேலை நடந்தது, மறுபடி பேசினார், பேச்சு வளர்ந்தது. நான்கு மொழி பேசும் அந்தத் தொழிலாளி ஒரு கம்பெனி வாசலில் நின்றால் 'மொழித்திறன் இல்லாதவர்' என்று எழுதுகிறார்கள். அவருடைய நான்கும் ஆங்கிலம் அல்ல என்ற ஒரே காரணத்தால்! தமிழும் தெலுங்கும் இந்தியும் கன்னடமும் சேர்ந்து ஓர் ஆங்கிலத்துக்கு ஈடில்லையா?

இனி வேலைகளைப் பிரித்துப் பார்ப்போம். ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் உண்டு, மறுக்கவில்லை. மருத்துவ நூல் படிக்க வேண்டும்; வெளிநாட்டு இயந்திரத்தின் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும்; கணிப்பொறியில் வேலை செய்ய வேண்டும். அங்கே ஆங்கிலம் கேட்பது நியாயம். பற்றவைப்பவனுக்கும், மின்கம்பி இழுப்பவனுக்கும், கிடங்குக் கணக்கனுக்கும் குழு விவாதம் எதற்கு? அபாயக் குறியைப் படிக்கத் தெரிகிறதா, அளவைப் படிக்கத் தெரிகிறதா என்று சோதியுங்கள், போதும். அதற்கு மேல் கேட்பது தகுதித் தேர்வன்று, வடிகட்டும் சல்லடை!

அந்தச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழ் வேர், ஆங்கிலம் வெளியுலகச் சாளரம் என்பது அதன் கருத்து. 2010-ல் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று சட்டம் வந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கே அது உரியது என்று 2020-ல் திருத்தம் செய்யப்பட்டது. சோளக்காட்டில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அது கைமேல் உள்ள உரிமை.

மத்திய அரசின் கதையைப் பாருங்கள். பழங்குடியினருக்கு மத்திய அரசு வேலைகளில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் மத்திய ஆயுதக் காவற் படைகளின் காவலர் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடந்துவந்தது. ஓடத் தெரியும், மலை ஏறத் தெரியும், துப்பாக்கி பிடிக்கத் தோள் இருக்கிறது; ஆனாலும் தாளில் இருக்கும் கேள்வி புரியாது! கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசலில் வேலி போட்ட கதை. தமிழ்நாடும் பிறரும் குரல் கொடுத்த பின், தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் அந்தத் தேர்வு நடக்கும் என்று 2023-ல் அறிவித்தார்கள். 2024 முதல் நடந்தது. வேலி நாமாக நகர்த்தினால் நகரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"மலை மக்களை மலையிலேயே விடுங்கள், இங்கிலீஷ் படித்தால் அவர்கள் பண்பாடு கெட்டுவிடும்" என்று பரிவோடு பேசுகிற கனவான்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டுவது மனிதரை அல்ல, காட்சிப் பொருளை! ஓரி ஆண்ட மலை, சங்கப் புலவர் பாடிய மலை என்று ஆண்டுதோறும் விழா எடுக்கத் தெரிகிறது. அந்த மலையின் பிள்ளை பொறியாளனாகவும் தாசில்தாராகவும் வந்து நின்றால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா? கெடாது! தன் மொழியைக் கேலி செய்யாத பள்ளியில் கற்றவனுக்கு எத்தனை மொழி கற்றாலும் பண்பாடு கெடாது.

எனவே நாம் கேட்பது இவை.

மலைப்பள்ளியில் ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகவே கற்றுக் கொடுங்கள். மிளகின் எடையும் மருந்துச் சீட்டும் வங்கிப் படிவமும் பூச்சிமருந்துப் புட்டியின் சிவப்பு முக்கோணமும் பாடமாகட்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. மலைப்பேச்சைக் கேலி செய்கிறவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆள் எடுக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும், இந்த வேலைக்கு இவ்வளவு ஆங்கிலம் தேவை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. மத்திய அரசின் எல்லா வேலைத் தேர்வுகளும் தமிழிலும் நடக்க வேண்டும்.

தோழர்களுக்கும் வேலை உண்டு. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து அரசியல் கற்றவர்கள் நாம். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு அறிவு வளர்த்த கூட்டம் நாம். அதே பெஞ்சில் இன்று வேலை விண்ணப்பத்தை விரித்து வையுங்கள். தமிழ் வழிச் சான்றிதழ் எங்கே வாங்குவது, எந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த தோழர் தெரியாத பிள்ளையோடு தினம் கால் மணி நேரம் பேசுங்கள். அவன் பிழையாகப் பேசினால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு ஓராண்டுப் படிப்பைக் கெடுத்துவிடும்!

சோளக்காட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்வது இதுதான்: ஆங்கிலம் கற்றுக்கொள், நன்றாகவே கற்றுக்கொள். அது உன் கைக்கு வரும் கருவி. உன் முகத்துக்கு மாட்டும் முகமூடி அன்று. உன் தொழிலைக் கற்றுக்கொண்டு அதோடு சேர்த்துக் கற்றுக்கொள். நேர்முகத் தேர்வில் ஊர் எது என்று கேட்டால், தலை குனியாமல் சொல்: கொல்லிமலை, சோளக்காடு!